கார் இல்லாத வீட்டில் லிஃப்டுக்குத் தரை

எங்கள் வீட்டில் அப்போது கார் கிடையாது. ஒரு பழைய மொபெட் உண்டு. அதுவும் உதைக்கிற அன்றைக்கெல்லாம் கிளம்பிவிடாது. அப்படிப்பட்ட வீட்டின் கொல்லையில்தான், காரை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்கு அத்தா, என் தகப்பனார், தரை போட்டார். கூத்தாநல்லூரில் எங்கள் தெருவுக்கு அந்தக் கோடை முழுக்க வேறு பேச்சே இல்லை.

அத்தா மஸ்கட்டில் கார் மெக்கானிக். வெளிநாட்டுப் பிழைப்பை எங்கள் ஊரில் சபர் என்போம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மாத லீவில் வருவார். முகம் பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுவார். எனக்கு ஒன்பது வயதானபோது வந்தவர், இரண்டு இரும்புத் தூண்களும் மோட்டாருமாக ஒரு பழைய லிஃப்டை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வீட்டிலேயே ஒர்க்‌ஷாப் வைக்கப்போகிறாராம். லிஃப்டில் ஒரு கார் ஏறி இறங்கிவிட்டால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுவாராம். அம்மாவிடம் அவர் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கியதே அந்தத் தரையை நம்பித்தான்.

எங்கள் மண் களிமண். கோடையில் கால் நுழையும்படி வெடிக்கும். மழையில் உப்பிக்கொண்டு மேலே இருப்பதையே அசைக்கும். அதை நம்ப முடியாதென்று இடுப்பளவு தோண்டி அள்ளிவிட்டு, ஆற்று மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். அதன் மேல் ஜல்லி, கட்டம் கட்டமாகக் கம்பி, ஓர் அடி கனத்துக்குக் கான்கிரீட்.

"என்ன பாய், யானை கட்டப் போறீங்களா?" என்றார் கொத்தனார்.

"மேல கார் நிக்கும், கீழ ஆளு நிப்பான். தூணைத் தரையில இறுக்குற போல்ட்டு பிடி விட்டுச்சுன்னா என்னாவும் சொல்லுங்க," என்றார் அத்தா. கொத்தனார் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் தரையின் மேல் களிமண்ணால் சின்ன வரப்புகள் எடுத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். இருபத்தெட்டு நாள் அப்படியே நிற்க வேண்டுமாம். அத்தாவின் விமானத்துக்கு முப்பது நாள்தான் இருந்தது. நான் காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். எப்படி எண்ணினாலும் மிச்சம் இரண்டு நாள். ஈரத் தரையில் தூணை நட்டால் புதைந்துவிடாதா? போன அறுப்பில், காயாத வயலில் இறங்கிய அறுப்பு மிஷின் சேற்றில் உட்கார்ந்துகொண்டதை நானே பார்த்திருக்கிறேன். அறுப்புக்கு முன்னால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். வெயிலில் வயல் இறுகிக்கொள்ளும். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் அத்தாவுக்கு மஸ்கட்டில் மறந்துபோயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அத்தா தொழுகைக்குப் போனார். அப்படியே நாகூரில் ஒரு கல்யாண விருந்துக்கும் போவதாக ஏற்பாடு. அம்மா அடுப்படியில் இருந்தார். நான் குதிகாலால் எல்லா வரப்புகளையும் உடைத்துவிட்டேன். தரைக்கு மேல் இன்னும் கூரை போடவில்லை, சித்திரை வெயில். தண்ணீர் ஓடி வடிந்து தரை வெளுத்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கான்கிரீட் வயல் மாதிரி இல்லை, ஈரத்தில்தான் இறுகும் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் அத்தா வந்தபோது தரை முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. அவர் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "வரப்புல நண்டு வளை போட்டுத் தண்ணி வடிஞ்சிருக்கும்," என்றார். காய்ந்த கொல்லையில் நண்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் எல்லோரோடும் சேர்ந்து நண்டைத் திட்டினேன்.

வெடித்த தரையில் காரைத் தூக்க முடியாது, அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அத்தா விமானம் ஏறினார். அடுத்த லீவில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கடுத்த லீவிலும் இல்லை. அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

போன வருஷம் என் தம்பி அதே தரையில் புது லிஃப்ட் வைத்தான். மாட்ட வந்தவர் நாலு இடத்தில் துளை போட்டுப் பார்த்துவிட்டு, "பாறை மாதிரி இருக்குங்க. வெடிப்பெல்லாம் மேலாக்கதான்," என்றார். பக்கத்தில் நாற்காலியில் இருந்த அத்தாவிடம், வரப்பை உடைத்தது நான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா," என்றார். "வெடிப்பு ஒண்ணும் பண்ணாதுன்னு கொத்தனாரு மறுநாளே சொன்னாரு. எனக்குத்தான் பயம். கடையத் தொறந்து ஒரு காரும் வரலைன்னா, உங்களுக்கெல்லாம் என்னத்தப் போடுவேன்?"

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அத்தா இல்லாத ஒவ்வொரு பெருநாளிலும், நானே அவரை விமானம் ஏற்றிவிட்டதாக நினைத்துத் தனியே அழுதிருக்கிறேன். எங்களோடு இருந்துவிட அவர் ஆசைப்பட்டது எனக்கு அந்த வயதிலேயே நன்றாகத் தெரியும். இருப்பதற்கு அவர் அவ்வளவு பயந்ததும், அந்தப் பயத்தைச் சொல்ல முடியாமல் ஒரு சாக்குக்காகக் காத்திருந்ததும் மட்டும் ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.