கண்ணாடியிடம் பேசிய விமானி

என் தங்கச்சி சுஹைனா விமானம் ஓட்டுகிறாள். காரைக்காலில் யாரிடம் இதைச் சொன்னாலும், "மேல போறப்ப பயமா இருக்காதாமா?" என்பதுதான் முதல் கேள்வி. வானத்தைக் கண்டு அவளுக்கு ஒரு பயமும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "நீங்க செய்றது தப்பு" என்று சொல்லத்தான் பயம். அந்த வியாதி எங்கள் வீட்டில் ஒட்டியது.

எங்கள் குடும்ப வழக்கப்படி, கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். என் வீட்டுக்காரர் தமீம் அன்சாரியும் அப்படி வந்தவர்தான். வந்த நாளிலிருந்து உம்மா அவரிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதையாம்! எதுவானாலும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். "மீன் ஆணம் ஆறிப்போவுதே" என்றால், மாப்பிள்ளை சாப்பிட வரவேண்டும் என்று பொருள். போன மழைக்காலத்தில் இவர் போனில் பேசிக்கொண்டே காரைப் பின்னால் எடுத்தார். உம்மா வாசலில் நின்று தூணிடம், "பின்னால வாய்க்கா இருக்கே" என்றார். தூணுக்குக் கேட்டது, இவருக்குக் கேட்கவில்லை. காரைத் தூக்கத் தெருவே திரண்டு வந்தது. நான் சிரித்த சிரிப்பில் இவர் என்னிடம் முகம்கொடுத்தே பேசவில்லை.

இந்த வளர்ப்பையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் சுஹைனா விமானிப் பயிற்சிக்குப் போனாள். படிப்பில் புலி. துணை விமானி வேலையும் கிடைத்தது. ஆனால் சிமுலேட்டரில் ஒரு தேர்வு வைத்தார்கள். அது தரையிலேயே நின்று ஆடும் ஒரு பெட்டி. உள்ளே எல்லாம் நிஜ விமானி அறை மாதிரியே இருக்கும். தேர்வு வைத்த கேப்டன் சிதம்பரநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, வேண்டுமென்றே விமானத்தை அளவுக்கு மீறித் தாழ இறக்கினார். இவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, முன்னாலிருந்த கண்ணாடியை நோக்கி, "கொஞ்சம் தாழ்வா வர்ற மாதிரி இருக்கே..." என்றாள். விமானம் போய்த் தரையில் மோதியது.

"யாருகிட்டம்மா சொன்னீங்க? கண்ணாடிகிட்டயா?" என்று கேட்டார் அவர். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

அவள் போனில் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. "அழுவாத. இப்ப என்னையே கேப்டன்னு நெனச்சுக்க. 'நிறுத்துடி இஃபாத்து'ன்னு என் பேரைச் சொல்லிச் சத்தமாக் கத்து" என்றேன். "எப்புடி லாத்தா, நீங்க மூத்தவங்களாச்சே" என்றாள். இவளை என்ன செய்வது!

மறுதேர்வில் எப்படியோ வாயைத் திறந்து தேறிவிட்டாள். இருந்தாலும் உள்ளுக்குள் உதறல் போகவில்லை. "அது பெட்டிதானே லாத்தா. நெசத்துல, அத்தனை உசிரை வச்சுக்கிட்டு, எனக்கு வாய் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடைமழைக் காலம். சென்னையில் ஒரு நிக்காஹ்வுக்குப் போன நாங்கள், ஊர் திரும்பும்போது திருச்சிவரை அவள் வேலை பார்க்கும் விமானத்திலேயே டிக்கெட் போட்டோம். உம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, ஏறியதிலிருந்து வாயெல்லாம் பல்.

விமானி அறையில் நடந்ததைச் சுஹைனா பிறகுதான் சொன்னாள். இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் காற்று திசை மாற, ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து இறங்கச் சொன்னார்கள். கேப்டன் ராஜ்மோகன் விமானத்தோடு மல்லுக்கட்டினார். இவள் ரேடியோவுக்குப் பதில் சொல்லி, எரிபொருளைக் கணக்குப் பார்த்து, புதுப் பாதையைக் கருவியில் பதித்துக்கொண்டிருந்தாள். அந்த அமளியில், இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப்பைக் கடைசி அளவுக்கு இறக்கச் சொல்ல அவர் மறந்துபோனார். அவர் மறந்ததை இவளும் கவனிக்கவில்லை. ஐநூறு அடி உயரத்தில் எல்லாம் சரியா என்று பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. தொட்டில் பழக்கம் விடுமா? முதலில் பார்வை கண்ணாடிக்குத்தான் போனதாம். அதில் மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவள் கழுத்தைத் திருப்பி, ராஜ்மோகன் முகத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கேப்டன், ஃபிளாப் இறங்கல! கோ அரவுண்ட்! மேல ஏறுங்க!"

அவர் மறுபேச்சுப் பேசாமல் மேலே ஏற்றினார்.

பின்னால் இருந்த எங்களுக்கு என்ன தெரியும்? விளக்குகள் பக்கத்தில் தெரிந்தன. தரையைத் தொடப்போகிறோம் என்று நினைத்த நேரத்தில் விமானம் உறுமிக்கொண்டு மேலே கிளம்பியது. இவர் என் கையை நசுக்கினார். உம்மா கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி இறங்கியபோது, தொட்டதே தெரியவில்லை. விமானமே கைதட்டியது. நானும் தட்டினேன், கண்ணில் தண்ணீரோடு.

எல்லோரும் இறங்கும்வரை எங்களை உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். ராஜ்மோகன் வந்தார், நரைத்த தலை, நல்ல உயரம். அவர் முதுகுக்குப் பின்னால் சுஹைனா, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

"உங்க பொண்ணு இன்னைக்கு என்னையச் சத்தம் போட்டுட்டாங்கம்மா" என்றார் அவர். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணைக் கோட்டை விட்டுட்டோம். அவங்கதான் முதல்ல பாத்தாங்க. அவங்க மட்டும் சொல்லலைன்னா..." சட்டென்று உம்மாவுக்கு ஸலாம் சொன்னார்.

உம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு பெரிய மனுஷரையா சத்தம் போட்டாள்? மன்னிப்புக் கேட்கச் சொல்லி என் பக்கம் திரும்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். உம்மா திரும்பவில்லை. தன் மகளை மேலும் கீழும் பார்த்தார். பட்டு முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கேப்டனை நேராக நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமேலும் போடுவாங்க. நீங்க கேட்டுக்கிடணும்."