அட்டவணையில் இல்லாத பத்தி

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, ஓர் அட்டவணையைச் சரிபார்த்ததுதான். ஐந்து நாடுகள் நிலக்கரியை எந்த ஆண்டு கைவிடும், பதிலுக்கு எவ்வளவு காற்றாலை, எவ்வளவு சூரியத் தகடு என்று மின்துறைக்காக அவள் தயாரித்தது.

அப்பா முப்பத்தோரு வருடம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பார்த்தவர். புகையின் நிறத்தை வைத்தே உலையின் குறையைச் சொல்லிவிடுவார். அட்டவணையின் குறையையும் சொன்னார்.

"உலைய எப்ப அணைப்பாங்கன்னு இருக்கு. உலைக்காரன் எங்க போவான்னு காணோமேம்மா?"

"மறுபயிற்சி உண்டுப்பா."

"நாலு நாள் போனேனே! தகடு துடைக்கச் சொல்லிக்குடுத்து சான்றிதழும் குடுத்தான். வருஷக்கணக்கா வீட்டு ஜன்னலத் துடைக்கிறேன், உங்கம்மா ஒண்ணும் குடுக்கல."

சிரித்தபடியே பென்சிலால் அட்டவணையின் ஓரத்தில் 'ஆட்கள்' என்று தலைப்பிட்டு ஒரு பத்தி போட்டார். இரண்டு நாடுகளுக்குத்தான் அவளால் நிரப்ப முடிந்தது. சொந்த நாட்டுக்கு ஒன்றுமில்லை. மின்துறை அந்தப் பத்தியை வெட்டிவிட்டு அச்சிட்டது.

நிலையம் மூடிய மூன்றாம் வாரம் அவருக்கு மாரடைப்பு. 'மாற்றத்தின் பங்காளி' என்று மின்துறை இரங்கல் அனுப்பியது. உயிரோடிருந்தவருக்கு ஒரு கட்டம் ஒதுக்க மனமில்லாதவர்கள், செத்தவருக்குப் பட்டம் கட்டினார்கள்.

அவருடைய சாப்பாட்டுப் பையில், நாற்பத்திரண்டு உலைக்காரர்களின் பெயரும் அவரவருக்குத் தெரிந்த வேலையும் எழுதிய தாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மின்துறையில் நேரில் கொடுப்பதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வியாழனன்று போய்விட்டார்.