மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம்

சனிக்கிழமை மதியம் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் நான் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். மெல்போர்னில் எங்கள் வீட்டில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் முருகையாவோடு பேச ஆரம்பித்தால், "அப்பா, யாரோட சண்டை போடுறீங்க?" என்று மகள் ஓடிவருவாள். ஒன்பது வயது. ‘ஏலே’ என்று காதில் விழுந்தால் அவளுக்கு அது சண்டைதான்.

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பெரியவர்களே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒரு பிறந்தநாள் விருந்தில், தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய்வந்த உரிமையில், சென்னைக்கார நண்பர் ஒருவரை "ஏலே, இங்கன வாலே" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "பசங்க முன்னாடி ரவுடி மாதிரி கூப்பிடாதீங்க" என்றார். திரையில் அரிவாளோடு வருகிறவன் வாயில் மட்டுமே அவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். அதை எத்தனை பேரிடம் போய் விளக்கிக்கொண்டிருப்பது? அலுத்துப்போய் எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்று அழைக்கப் பழகினேன். இந்த ஊர்ச் சொல்லும் நமக்குப் பிடிபடுவதில்லை. நான் வேலை பார்க்கும் கிடங்கின் மேலாளர் ஒருநாள் "லிஸன், மேட்" என்றதும், நம்மையும் நண்பனாகச் சேர்த்துக்கொண்டாரே என்று பல்லைக் காட்டினேன். அது எச்சரிக்கை என்று பக்கத்தில் நின்றவன் சொல்லித்தான் தெரிந்தது.

போன தை மாதம் முருகையா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் நண்பர்களுக்குள் மரியாதை வந்துவிட்டால் பழக்கம் முறிந்தது என்று அர்த்தம். கோபித்துக்கொண்டவன்தான் ‘நீங்க’ என்பான். எட்டாம் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரு மாதம் அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவர்கள். அதெல்லாம் தெரிந்தும், மண்டப வாசலில் சம்பந்திகளோடு நின்றவனைப் பார்த்ததும் வாய் பழகிய வழியில் போய்விட்டது. "முருகையா, நல்லா இருக்கீங்களா?"

கட்டிப்பிடிக்க நீண்ட கை பாதியில் நின்றது. "நான் என்னலே தப்பு செஞ்சேன்? இப்படிப் பேசுத?" என்றான், பைய. சம்பந்திகள் முன்னால் சிரித்து மழுப்பினேன். அங்கேயே அவன் தோளில் ஒரு அடி போட்டு, "ஏலே, வாய் தவறிட்டுலே" என்றிருக்க வேண்டும். செய்யவில்லை. மறுநாள், தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றும் சொதி விருந்தில் அவனே வந்து என் இலையில் பரிமாறினான். "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றான்.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை காருக்குள் உட்கார்ந்து, "ஏலே முருகையா!" என்று கத்தினேன். "சொல்லுங்க. பிள்ளை நல்லா இருக்காளா?" என்றான். மன்னிப்புக் கேட்டேன், உரிமையோடு வைதும் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றான். எதிரில் இருப்பவன் ‘நீங்க’ என்னும்போது நான் மட்டும் ‘லே’ என்றால், மெய்யாகவே அது வசவாகிவிடுகிறது. நாலைந்து வாரத்தில் நானும் மாறிக்கொண்டேன்.

போன வாரம் பேசி முடித்தபோது மகள் கார் அருகே நின்றிருந்தாள். கண்ணாடியைத் தட்டினாள், இறக்கினேன்.

"இப்பதான் நீங்க சண்டையே போடுறதில்லையேப்பா. வீட்டுக்குள்ளயே வந்து பேசுங்களேன்."