அம்மா சொல்ல மறுத்த வரி

ஏப்ரல் வெயிலில் எங்கள் ஜெபக் கூடத்தின் தகரக் கூரை படக் படக்கென்று வெடித்துக்கொண்டே இருக்கும். தகரத்தை "ரேக்கு" என்போம். அதற்குக் கீழே முப்பது பெண்கள் முட்டி போட்டுத் தெலுங்கில் ஜெபிக்க, நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு யார் அழுகிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று வேவு பார்ப்பேன். ஆந்திர எல்லையில், குடிபாலாவை ஒட்டிய எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ்தான். ஆனால் ரேஷன் அட்டை, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன், கர்த்தர் எல்லாம் தெலுங்கு. சித்தூரிலிருந்து மொபெட்டில் வரும் போதகர் "அய்யகாரு" எங்களோடு தமிழிலேயே சிரித்துப் பேசுவார். இருந்தும் ஜெபமென்றால் எல்லோரும் தெலுங்குக்குத் தாவிவிடுவோம். தமிழில் ஜெபித்தால் மேலே போய்ச் சேராது என்று யாரும் சொன்னதில்லை, சொல்லாமலேயே நம்பினோம்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அய்யகாரு சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்த ஒரே ஒரு ஜெபம் வைத்திருந்தாள். மழை பொய்த்தாலும் அதுதான், மாட்டுக்குக் கழிச்சல் என்றாலும் அதுதான். ஸ்தோத்திரத்தில் தொடங்கி, பாவ மன்னிப்புக் கேட்டு, "நீ சித்தமு நெரவேருனு காக" என்று முடியும். உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் என்று பொருள். அந்த வரி காதில் விழுந்ததுமே நான் எழுந்து ஓடத் தயாராகிவிடுவேன்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, நாலு வயதுத் தங்கை எஸ்தருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் கண் சொருகிவிட்டது. சித்தூர் டாக்டர் கைவிரித்து, திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார். நைனா, எங்கள் அப்பா, கரும்பு வெட்ட எங்கோ போயிருந்தார். அவருக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியில் போர்டு படிக்க ஒருத்தி வேண்டுமென்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில், காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்த ஒரு அம்மாள், பிள்ளை கிடக்கிற கிடையைப் பார்த்துக் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து எஸ்தரின் நெற்றியில் வைத்தாள். வேறு நாளாக இருந்தால் அம்மா கையைத் தட்டிவிட்டிருப்பாள். அன்று சும்மா இருந்தாள், அதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மத்தியானம், இனிமேல் தங்கள் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா வராந்தாவில், ஆட்கள் போக வர இருக்கும்போதே முட்டி போட்டாள். வழக்கமான ஜெபம். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், அதே இடத்தில் மறுபடியும் நின்றது. மறந்துவிட்டாளோ என்று நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். என் வாயைப் பொத்தினாள். பிறகு தமிழில், நைனா நேரங்கழித்து வந்தால் சண்டைக்கு நிற்பாளே, அதே குரலில் பேசினாள்.

"அத்த மட்டும் நான் சொல்ல மாட்டேன். உன் சித்தம் என்னாவோ, எனுக்குத் தெரியாது. எனுக்கு என் கொயந்த வேணும். மூணு நாளா ஒரு வாய் துன்னல. நீ பாத்துக்கினுதான கீற? பாத்துக்கினு எப்பிடி சும்மா கீற நீ?"

பெரிய அதிகாரியிடம் மனு கொடுக்கப்போன இடத்தில் அம்மா மரியாதையில்லாமல் கத்திவிட்டாள், கோபத்தில் அவர் மனுவைக் கிழித்துவிடுவார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. அவசர அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா விட்ட வரியை அவள் சார்பில் நானே சுத்தமான பள்ளிக்கூடத் தெலுங்கில் முணுமுணுத்து, ஆமென்னும் சொல்லி முடித்துவைத்தேன்.

மறுநாள் காலை எஸ்தர் செத்துப்போனாள். நைனா வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

நான் சம்மதம் சொன்னதால்தான் கர்த்தர் அவளை எடுத்துக்கொண்டார் என்று எத்தனையோ வருஷம் நம்பினேன். அம்மா பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த கையை நான் விடுவித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆராதனையில் அந்த வரி வருவதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். வேலூருக்குப் படிக்கப்போய்த் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டேன், வேலை, கல்யாணம், பிள்ளை எல்லாம் ஆயிற்று. மகனுக்குச் சளி பிடித்தால்கூட ஜெபிக்கப் பயந்துகொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன். போன வருஷம்தான், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தாங்க முடியாமல் கொட்டித் தீர்த்தேன்.

அம்மா கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள். என்னை அறைவாள் என்று நினைத்தேன். என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். "பெத்தவ நான், அம்மாங் கத்து கத்துனேன். அதியே அவரு கேக்கல. நீ முணுமுணுத்தததான் கேட்டுட்டாரா? இத்த சொமந்துக்கினா கீற இத்தினி வருசமா?"

"அப்படீன்னா நீ ஏம்மா இன்னும் ஜெபத்துக்குப் போற?"

"அன்னிக்கி ஆரம்பிச்ச சண்ட. பாதில உட்டுட்டு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு மறுபடி கடலையை எடுத்தாள்.

இப்போது ஊரில் ஜெபக் கூடம் கான்கிரீட் கட்டடம். திரையில் பாட்டு வரிகள் ஓடுகின்றன, ஜெபம் மைக்கில் இரண்டு மொழியிலும் நடக்கிறது. அய்யகாரு இல்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு ஜெபித்த பெண்களில் பாதிப்பேர் இல்லை.

போன மாதம் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கத் திருப்பதிக்குப் போயிருந்தேன். அதே ஆஸ்பத்திரி. அம்மா முட்டி போட்ட வராந்தாவை இடித்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தோடு அதன்முன் நின்றிருந்தவள், கண்ணை மூடாமலே கேட்டேன், "எஸ்தர எங்க வச்சிக்கினு கீற?"

யாரிடமோ ஃபோனில் பேசுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் விலகி நின்றார். நான் இன்னொரு முறை கேட்டேன்.