மேட்டில் ஏறி நிற்காதீர்கள்

குதிரைக்கு மேட்டில் நிற்கிற ஆளைக் கண்டால் ஆகாது. அதுவும் வாயைத் திறக்காமல் நிற்கிற ஆள் என்றால் சுத்தமாக ஆகாது. செடிக்கு நடுவில், தலைக்கு மேலே, அசையாமல் ஒன்று நின்றால் அது பாயப் போகிறது என்றுதான் குதிரைக்குப் படும். அதே ஆள் பள்ளத்துப் பக்கம் இறங்கி நின்று, "என்னா, சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அட, மனுஷன்தான் என்று காதை ஆட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இதை எங்கள் தோட்டத்து ஜனங்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

ஈப்போவில் பதினோரு வருஷம் குதிரைக் கொட்டகையில் வேலை பார்த்தேன். குதிரையைக் குளிப்பாட்டுவது, நடக்கவிடுவது, லாடம் பார்ப்பது, சவாரி பழக்குவது எல்லாம். அங்கே ஆளைக் குறைத்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த மலைக்கே திரும்பி வந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அக்காவின் வீடு. அக்கா பதினேழு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறாள். வந்த வாரமே பிரிஞ்சாங் ஊருக்குக் கீழே காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவரிடம் எனக்கு வேலை கிடைத்தது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற மூன்று குதிரைகளை வாங்கிப்போட்டு, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக ஆள் தேடிக்கொண்டிருந்தார் அவர். நல்ல மனிதர். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதை ஒத்துக்கொள்ளவும் செய்வார்.

சவாரிக்கு இருந்தது ஒரே பாதை. தவுக்கேயின் வேலியைத் தாண்டி, எங்கள் தோட்டத்து மண்ரோட்டில் ஏறி, முகட்டுக்குப் போய்த் திரும்பிவந்தால் ஒரு மணி நேரம். மலைச்சரிவை வெட்டிப் போட்ட ரோடு, ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ரோடு தோட்டத்துடையதுதான். ஆனால் எல்லாரும் போவார்கள். கொழுந்து மூட்டை ஏற்றிய லோரி போகும், மோட்டார் சைக்கிள் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள், காட்டிலிருந்து மூங்கில் கொண்டுவரும் பூர்வகுடி அஸ்லி ஜனங்கள் போவார்கள், கையில் இரண்டு குச்சி ஊன்றிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் மூச்சு வாங்கப் போவார்கள். அந்த ரோடு இல்லையென்றால் வேலிக்குள்ளேயே வட்டம் சுற்ற வேண்டும். செக்கு மாடு சுற்றுகிற மாதிரி. அதை நினைத்தாலே எனக்கு உடம்பு பரபரக்கும். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாதவள் நான். எனக்குக் கொடுத்த செம்பட்டைப் பெண்குதிரையும் அப்படித்தான். கட்டிப்போட்டால் முன்காலால் தரையைத் தோண்டிக்கொண்டே நிற்கும்.

எதிரில் வண்டி வந்தால் எங்கள் ஆட்கள் மேட்டில்தான் ஏறுவார்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் லோரி ஒதுங்கும்போது ஆளையும் சேர்த்து உருட்டிவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிடப் பழசு. அப்பா காலத்தில் துரையின் ஜீப் வந்தால் மேட்டில் ஏறி, தொப்பியைக் கழற்றி, பேச்சை நிறுத்திவிட்டு நிற்க வேண்டுமாம். இப்போது யாரும் அப்படி நிற்கச் சொல்வதில்லை. துரையும் வெள்ளைக்காரர் இல்லை, கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழர். அறைக் கதவில் மானேஜர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் ஜனங்களுக்கு அவர் துரைதான். உயரத்தில் உட்கார்ந்துகொண்டு யார் வந்தாலும் கால் தானாக மேட்டில் ஏறும், வாய் தானாக மூடிக்கொள்ளும். முந்தின நாள் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய பெண்கள், மறுநாள் நான் குதிரையில் வந்தால் மேட்டில் ஏறிப் பொம்மை மாதிரி நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பள்ளி விடுமுறையில் அது நடந்தே விட்டது. நான் ஒரு குதிரையில் முன்னால் போக, கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணை இன்னொன்றில் ஏற்றிக்கொண்டு போனேன். வளைவில் ஏழெட்டுப் பேர் மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாளோடு மேட்டில் சத்தமில்லாமல் நின்றார்கள். அவள் ஏறியிருந்த குதிரை பக்கவாட்டில் ஒரே தாவு. அந்தப் பெண் செடி மேல் விழுந்தாள். நல்லவேளை, கையில் சிராய்ப்போடு போயிற்று.

துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"பாருங்க, தோட்டத்து ரோட்டுல ஆள் விழுந்தா பதில் சொல்ல வேண்டியது நான். இன்னொரு தடவை இப்படி நடந்தா குதிரை இந்தப் பக்கமே வரக்கூடாது. புரியுதா?"

புரிந்தது.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நின்றேன். வேலை பிரிக்க எல்லாரும் கூடுகிற இடம் அது. வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரிடம் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"குதிரை வந்தா மேட்டுல ஏறாதீங்க. பள்ளத்துப் பக்கம் நில்லுங்க. நின்னுட்டு எதையாச்சும் பேசுங்க."

"என்னாத்த பேசறது?" என்றார் ஒருவர்.

"எதையாச்சும்லா! வாய்ல என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

சிரித்தார்கள். ஆனால் பேசியது யார் தெரியுமா? பங்களாதேஷிலிருந்து வந்த பையன்கள்தான். அவர்களுக்கு இந்த மேட்டுப் பழக்கம் எதுவும் கிடையாது. குதிரையைக் கண்டதும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, "ஹலோ கூடா! அப்பா காபார்!" என்று மலாயில் குதிரையை நலம் விசாரிப்பார்கள். எங்கள் ஜனங்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேட்டில் ஏறிக்கொள்வார்கள்.

வீட்டில் அக்காவிடம் கத்தினேன்.

"வங்காளிப் பையனுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இறக்கத்தில் மூட்டை சுமந்து சுமந்து அந்தக் கால் போய்விட்டது.

"நீ மேல உக்காந்துகிட்டு வர்ற. நாங்க கீழ நிக்கிறோம். மேல இருக்கிறவங்ககிட்ட நாம என்னாடி பேசறது? பழக்கமில்ல."

"நான் உன் தங்கச்சி!"

"கீழ எறங்குனா தங்கச்சி" என்றாள்.

கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் விடவில்லை. மறுநாளிலிருந்து ஆட்களைக் கண்டால் நானே முதலில் தொண்டை கிழியக் கூப்பிடுவேன். "யக்கா, இன்னைக்கு என்னா கொழம்பு?" மேட்டில் நிற்பவள் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "கருவாடு" என்பாள். "கத்திரிக்காய் போட்டியா?" "போடாம?" இப்படியே பேச்சுக் கொடுத்துக் கொடுத்து ஒவ்வொருவராகப் பள்ளத்துப் பக்கம் இறக்கினேன். இரண்டு மாதத்தில் நிலைமை தலைகீழ். தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டாலே பேச்சு ஆரம்பமாகிவிடும். மாமியார் கதை, நாடகத்துக் கதை, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சண்டை போட்டார்கள் என்கிற கதை எல்லாம் குதிரைக்குத் தெரியும். ஒருத்தி தன் புருஷனைத் திட்ட வேண்டியதையெல்லாம் குதிரையைப் பார்த்துத் திட்டித் தீர்ப்பாள். குதிரை சுகமாகக் கேட்டுக்கொண்டு போகும். அக்காகூட ஒருநாள், "ஏய், உன்னைக் கூட்டிட்டுப் போறவ ஒழுங்கா சாப்பிடறதில்ல, கேளு" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது.

இது துரையின் காதுக்கும் போயிற்று. ஒருநாள் காலை எட்டு மணிக்குக் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவரே கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"நானே ஏறிப் பார்க்கிறேன். நல்லா இருந்தா எழுத்துலயே அனுமதி குடுத்துடறேன்."

எழுத்தில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரைச் செம்பட்டைக் குதிரையில் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். முகட்டுக்குக் கீழே இருக்கும் தேயிலை மலையில் அன்று ஒரு முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குளம்புச் சத்தம் கேட்டு வழக்கம்போலப் பேசிக்கொண்டே பள்ளத்துப் பக்கம் இறங்கினார்கள். குதிரை வளைவில் திரும்பியது. மேலே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார்கள்.

அவ்வளவுதான். முப்பது பேரும் ரோட்டைக் கடந்து மறுபக்கம் மேட்டில் ஏறினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டு மாத உழைப்பு ஒரு நிமிஷத்தில் போயிற்று. ஒரு சத்தமில்லை.

குதிரை நின்றது. கயிறு வழியாக அதன் நடுக்கம் என் கைக்கு வந்தது. நான் கண்ணால் கெஞ்சினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் நிக்குது?" என்று துரை கேட்டார், குரல் பிசிறியது. இன்னும் ஒரு நொடி போனால் குதிரை பாய்ந்துவிடும், துரை செடி மேல் கிடப்பார், என் ரோடு முடிந்தது.

அப்போது அக்கா மேட்டிலிருந்து இறங்கினாள். அந்தக் காலை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து பள்ளத்துப் பக்கம் வந்து நின்றாள். நிமிர்ந்து துரையைப் பார்த்தாள்.

"தொர, லயத்துல தண்ணி வந்து ஆறு நாளாச்சு."

குதிரையின் காது அவள் பக்கம் திரும்பியது.

"ஓடையிலதான் எடுக்கிறோம். மேல காய்கறித் தோட்டத்து மருந்தெல்லாம் கலந்து வருது. புள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு."

"ஆமா தொர," என்று இன்னொருத்தி இறங்கினாள். "எங்க வீட்டுக் கூரைத் தகரம் போன காத்துல பிச்சிக்கிச்சு. ஆபீசு கிராணிகிட்ட மூணு தடவை சொல்லியாச்சு." அதற்குப் பின்னால் ஒருவர், மருந்து அடிக்கும்போது போட்டுக்கொள்ளக் கையுறை இல்லை என்றார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது. கருவாட்டுக் குழம்பு பேசிய அதே வாய்கள்!

துரையின் முகம் சிவந்தது. "போதும், நிறுத்துங்க!" என்று கையைத் தூக்கினார். நிறுத்தினார்கள். உடனே குதிரை பின்னங்காலை உதறிக்கொண்டு பக்கவாட்டில் துள்ளியது. துரை சேணத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பேசுங்க! பேசுங்க!" என்று அலறினார்.

பேசினார்கள். முகட்டு வரைக்கும் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே பேசினார்கள். "சரி, பார்க்கிறேன். சரி, செய்யறேன்" என்று அவர் மேலேயிருந்து ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். குதிரை அவ்வளவு அழகாக என்றைக்கும் நடந்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் பயமும் ஒன்றாகப் பொங்கின.

முகட்டில் இறங்கியதும் துரை என் பக்கம் திரும்பினார். அக்கா நாலடி தள்ளித்தான் நின்றாள்.

"இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்ததா? குதிரை வந்தா பேசணும்னு நீதான சொல்லி வச்சிருக்க?"

எழுத்தில் அனுமதி என்றாரே, அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

"இல்ல தொர. நான் ஒண்ணுமே சொல்லல. அவங்களா பேசுனாங்க."

சொல்லிவிட்டேன். அக்கா பக்கம் நான் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் தோட்டத்து வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள். குதிரைகளுக்கு அனுமதி இல்லை. அன்று மதியமே லயத்துக் குழாயில் தண்ணீரும் வந்துவிட்டது. பலகையைப் பார்த்த வேகத்தில் வீட்டுக்குள் புகுந்தேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரோட்டை மூடிட்டாங்க! திருப்தியா? கொழம்பு கதை பேசியிருந்தா என்னா கேடு? அன்னைக்குத்தான் தண்ணிப் பேச்சை எடுக்கணுமா?"

"அன்னைக்குத்தான்டி அவரு நின்னு கேட்டாரு" என்றாள்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்ட!"

அவள் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"என்னையும் நேத்து ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டாங்க, யாரு பேசச் சொன்னதுன்னு. நாந்தான் எல்லாரையும் தூண்டிவிட்டேன்னு சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து மேல் மலைக்குக் கான் வெட்டப் போகச் சொல்லிட்டாங்க."

கான் வெட்டுவது என்றால் செங்குத்துச் சரிவில் நாள் முழுக்கக் குனிந்து வாய்க்கால் தோண்டுகிற வேலை. அந்த முழங்காலோடு.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"நீ ஒண்ணுமே சொல்லலைன்னு தொரகிட்ட சொன்னில்ல? ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான நம்புவாங்க. ரோடாவது உனக்குக் கெடைக்கட்டும்னு பார்த்தேன்."

அவள் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளினாள். விடிந்ததும் அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேல் மலைக்குப் போவதைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். இரண்டே எட்டில் பிடித்துவிடலாம். பேசச் சொன்னது நான்தான் என்று ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டும் வரலாம். போகவில்லை. இன்றுவரை போகவில்லை. அக்கா இன்னும் கான்தான் வெட்டுகிறாள்.