சிவானுஜாவைக் கேட்காத விசாரணை

ரஜீவின் தங்கை அதைச் சொன்னது பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில். சிவானுஜாவைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் சொல்வதுபோல, ஆனால் சிவானுஜாவின் காதில் விழும்படி உரக்கச் சொன்னாள்.

"தீவாளிக்கு அண்ணன் வீட்டுல இருப்பாரு. கொழும்புல இந்தக் கேஸ் நிக்காதுன்னு லோயர் சொல்லிட்டாரு."

அன்று தையல் கடைக்குப் போன சிவானுஜா ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். பிரித்து மறுபடி தைத்தபோதும் அப்படியே தைத்தாள். கடைக்காரி ஷஹீலா துணியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"புள்ள, மிஷின விட்டு எழும்பு. என்ன நடந்தது, சொல்லு."

ஷஹீலாவுக்கு வழக்கு தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சிவானுஜா சொல்லியிருந்தாள்.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவள் வேலை பார்த்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. குழந்தைகளுக்கான மாவை வாங்க ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் பொறுப்பாளன் ரஜீவ் கதவைப் பூட்டினான். அவள் போராடினாள், கத்தினாள். தகரக் கூரையில் கொட்டிய மழையில் யாருக்கும் கேட்கவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனாள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்; அதற்குச் சொல்ல அவளிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு, அதே ஸ்டோருக்கு மறுபடி அனுப்பப்பட்டபோதுதான் வழியிலேயே உட்கார்ந்து, அங்கே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா லீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லீலா கூடையை அங்கேயே போட்டுவிட்டு மகளைப் பொலிஸுக்குக் கூட்டிப்போனாள்.

பதுளை மேல் நீதிமன்றத்தில் சிவானுஜா கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள். ரஜீவுக்குப் பதினைந்து வருடச் சிறை விதித்தார்கள். தோட்டத்தை விட்டுப் பண்டாரவளைக்கு வந்தபோது அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். அவன் மேன்முறையீடு செய்தது அவளுக்குத் தெரியும். ஆனால் அது தூரத்தில் எங்கோ நடக்கும் காரியமாகவே இருந்தது, பஸ் ஸ்டாண்டில் அந்தக் குரலைக் கேட்கும்வரை.

பதுளையில் வழக்கை நடத்திய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கொழும்பு விசாரணைத் திகதியைச் சொன்னார்கள். "நீங்க வரத் தேவையில்ல. அங்க சாட்சி கேக்க மாட்டாங்க. இங்க எழுதினத வச்சுத்தான் பேசுவாங்க" என்றார்கள்.

"என்னைப் பத்தித்தானே பேசப்போறாங்க? நா எப்படி இங்க சட்டை தச்சிக்கிட்டு இருக்கறது?" என்று ஷஹீலாவிடம் கேட்டாள்.

ஷஹீலா கடையைப் பூட்டிவிட்டு அவளுடன் கிளம்பினாள். முதல்நாளே கொழும்புக்குப் போய், மருதானையில் ஷஹீலாவின் மச்சினி வீட்டில் தங்கினார்கள். வழி நெடுகிலும் கூண்டில் சொல்லவேண்டியதைச் சிவானுஜா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

புதுக்கடை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டு நீதியரசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தலையணை உயரத்துக்குக் காகிதக் கட்டு. தமிழில் அவள் சொன்னது பதுளையில் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. இங்கே அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார்கள். தன் பெயர் மட்டும் அவளுக்கு விளங்கியது. ரஜீவின் சட்டத்தரணி அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவள் கால்கள் தாமாக எழும்பின. ஷஹீலா சேலை முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒருமுறை கதவருகே நின்ற பொலிஸ்காரர் கையசைத்து எச்சரித்தார். பிறகு அவளே வெளியே போனாள். வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். உள்ளே வந்தாள். மறுபடியும் வெளியே போனாள்.

விசாரணை முடிந்ததும், அரசுத் தரப்பில் வந்திருந்த இளம் சட்டத்தரணி நஸ்லியா அவளைத் தேடி வந்தார்.

"நீங்கதான் சிவானுஜாவா? தங்கச்சி, தண்ணி குடிங்க முதல்ல."

"மிஸ், அவங்க என்ன சொன்னாங்க?"

நஸ்லியா மறைக்கவில்லை. "ரெண்டு கிழமை ஏன் பொலிஸுக்குப் போகல்ல, அடுத்த நாள் ஏன் வேலைக்குப் போனீங்க, நீங்க சொன்னதத் தவிர வேற சாட்சி எங்கன்னு கேட்டாங்க. அதுக்கெல்லாம் காரணம் நீங்களே சொல்லியிருக்கீங்க, அத பதுளை நீதிபதி ஏத்துக்கிட்டார்னு நாங்க சொன்னோம். நீங்க பேசும்போது முகத்தைப் பாத்தவர் அவர்தான். அவர் நம்பினதத் தட்டணும்னா பெரிய பிழை ஒண்டக் காட்டணும். ஒரு பொம்புளையோட சொல் நம்பக்கூடியதா இருந்தா, அதுவே போதும்."

"ஜட்ஜ் ஐயா ஏதோ கேட்டாரே, அந்த லோயர் பேசாம நின்னாரே?"

"அந்தப் புள்ள எந்த நாள் வந்து சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்கன்னு லோயர்கிட்ட கேட்டார்."

சிவானுஜா அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள்.

தீர்ப்பைப் பிறகு சொல்வதாக ஒத்திவைத்திருந்தார்கள். அந்த இடைக்காலம்தான் அவளை அரித்தது. ஊசியில் நூல் கோத்துவிட்டுக் கடை வாசலுக்குப் போவாள். ரஜீவைப்போல நடக்கும் யாரையாவது பார்த்தால் உள்ளே வந்து திரைக்குப் பின்னால் நிற்பாள். சாப்பாட்டைப் பாதியில் மூடிவைப்பாள். தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ரஜீவின் உறவுக்காரிகள் லீலாவுக்குப் பக்கத்தில் நிற்காமல் தள்ளிப் போனார்கள். "பரவால்ல, எடம் தாராளமா இருக்கு" என்று லீலா போனில் சொன்னாள்.

ஒருநாள் மத்தியானம் நஸ்லியாவின் அழைப்பு வந்தது.

"குற்றவாளிங்கறத உறுதிப்படுத்திட்டாங்க, தங்கச்சி. ஆனா தண்டனைய பன்னிரண்டு வருஷமாக் கொறச்சிட்டாங்க."

"ஏன் மிஸ்?"

"முன்ன ஒரு குற்றமும் செய்யல்லங்கறதப் பாத்தாங்க. பதினஞ்சு ஏன்னு பதுளைத் தீர்ப்புல போதிய காரணம் எழுதல்லன்னும் சொன்னாங்க. ஏற்கனவே உள்ள இருந்த காலமும் சேரும்."

"முன்ன செய்யாதது எனக்கு என்ன ஆறுதல்?" சிவானுஜாவின் குரல் கடைக்கு வெளியேயும் கேட்டது. "மூணு வருஷத்தக் கழிச்சாங்களே, அத என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

நஸ்லியா, "கேக்கல்ல. அது உண்மை. ஆனா நீங்க சொன்னதுல ஒரு வரியக்கூடப் பொய்னு சொல்லல்ல" என்றார்.

போனை வைத்தபின் தனக்கு வந்தது சந்தோஷமா கோபமா என்று சிவானுஜாவுக்கே தெரியவில்லை. ஷஹீலா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் நின்றபடியே குடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனாள். வழக்குக்குப் பிறகு பகலில் அவள் அங்கே போனது அதுதான் முதல்முறை. தலையைக் குனியாமல் லயத்து வரிசை வீடுகளின் வாசல்களைக் கடந்து நடந்தாள். ரஜீவின் தங்கை தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தங்கைதான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

லீலா மகளுக்குச் சோறு போட்டாள். "பன்னெண்டா பதினஞ்சான்னு எனக்குக் கணக்கு வேணாம். நீ சொன்னத ரெண்டு கோட்டும் நம்பிருச்சு. சாப்புடு."

உச்ச நீதிமன்றத்துக்குப் போக ரஜீவுக்கு வழி இருந்தது. போவதாகப் பேச்சு அடிபட்டது. கடைசியில் அவன் போகவில்லை. அது உறுதியாகும்வரை போன் அடிக்கும்போதெல்லாம் சிவானுஜா திடுக்கிட்டாள். அதன்பிறகும் சில நாட்களில் திடுக்கிடுகிறாள். இப்போது ஷஹீலாவின் கடையில் துணி வெட்டுவதும் அவள்தான். அவன் வெளியே வரும் வருடம் அவளுக்குத் தெரியும். அதற்குமுன் எல்ல ஊர்ப் பக்கம் சொந்தமாக ஒரு கடை போட்டுவிடவேண்டும் என்று இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.