கடைசிப் பக்கத்து ரோஸ்மேரி

எங்கள் பனியன் உற்பத்தியாளர் சங்கத்தின் மாத இதழைப் பதினான்கு வருடமாகத் தயாரிப்பவர் ரோஸ்மேரி. முதல் மூன்று பக்கமும் தலைவருக்குச் சால்வை போர்த்தும் படங்கள். கடைசிப் பக்கம் மட்டும் அவராகச் சேர்த்தது. ஏஇபிசி என்றால் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், எஃப்டிஏ என்றால் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்று, அந்த மாதச் சுற்றறிக்கைகளில் வந்த சுருக்கப் பெயர்களுக்கெல்லாம் அங்கே விளக்கம் இருக்கும்.

திருப்பூரில் முதலாளி ஆனவன் கூட்டத்தில் எதற்கும் அர்த்தம் கேட்கக் கூடாது. மேடையில் யாராவது நான்கு எழுத்தைச் சொன்னால், "ஆமாங்க, அதேதானுங்க" என்று தலையாட்ட வேண்டும். எட்டுத் தையல் மெஷினோடு தொடங்கிய நானும் அப்படித் தலையாட்டியே முன்னேறியவன். அப்புறம் ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படிப்பேன்.

போன மாதக் கூட்டத்தில் தலைவர் சிவசுப்பிரமணியம் ஆரம்பித்தார். "இதழை இப்ப யாருங்க படிக்கறாங்க? எல்லாம் வாட்ஸ்அப்ல வந்துருதுங்க. நிறுத்திரலாம். வேணுங்கறவங்க கை தூக்குங்க."

இதழ் நின்றால் ரோஸ்மேரிக்கு வேலை இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் கை தூக்கினால், அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறோம் என்று தெரிந்துபோகுமே. நாற்பது பேரும் போனைப் பார்த்தோம். தன் வேலை போவதை ரோஸ்மேரியே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கைதான் எழவில்லை.

லேபிள் கடை உமர் பாய் எழுந்தார். "எனக்கு வேணுங்க. இந்தம்மா போடற கடைசிப் பக்கம் இல்லீன்னா, இங்க பேசறதுல பாதி எனக்குப் புரியாதுங்க."

"நீங்க எத்தன வருசமாத் தொழில்ல இருக்கறீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"முப்பத்தொரு வருசமாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. நானும் தூக்கினேன், ஏழாவதாகவோ எட்டாவதாகவோ. பெருமைப்பட ஒன்றுமில்லை. கடைசியில் மேடையில் இருந்தவர்களைத் தவிர எல்லோர் கையும் மேலே இருந்தது.

"சரி, நடக்கட்டுங்க" என்று முடித்தார் தலைவர். டீ வந்தது. கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போடக் குனிந்தவர், ரோஸ்மேரியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்றதால் என் காதிலும் விழுந்தது.

"அம்மணி, அந்தக் கடைசிப் பக்கத்து எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமா இருக்குதுங்க."